ஒரு நாணயத்துக்கு வாங்கிய சிகரம்

மலைமேல் மனைகள் – 6

ஒல்ட்டன் என்னும் ஊரில் 1863-ஆம் ஆண்டு கூடிய கனவான்கள் சிலர் சுவிட்சர்லாந்தின் மலைச்சங்கத்தை ஸ்தாபித்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே டோடி மலையின் சரிவில் தங்கள் முதற்குடிலையும் கட்டி முடித்த வரலாற்றைச் சென்ற இதழில் சொன்னேன். அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மலை அவர்களுடையது, அரசு அவர்களுடையது, வழிப்பலகையில் எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பதற்கு வேற்றார் எவரும் அங்கே இல்லை. இந்தச் சௌகரியங்களுள் ஒன்றுகூட வாய்க்காத ஒரு சிறிய ஜனசமூகம், தன் வீட்டு வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலையின்மேல் தன் மொழியில் ஒரு பெயரை எழுதி வைப்பதற்காகவே ஒரு மலைச்சங்கத்தைத் தோற்றுவித்துக்கொண்ட கதையை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன். அந்த ஜனங்கள் ஸ்லோவேனியர்கள். அந்த மலை திரிக்லாவ்.

'முத்தலை' என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஜூலிய ஆல்ப்ஸ் தொடரில் 2864 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை அது. 1778-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போஹின் பள்ளத்தாக்கைச் சார்ந்த நால்வர் அதன் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தார்கள் என்பது ஸ்லோவேனியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும், ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த அப்பிரதேசத்தில், கல்வியும் உத்தியோகமும் ஜெர்மன் மொழியையே பற்றி நின்றமையால், மலையேற்றமும் அம்மொழிக்குரிய காரியமாகவே கருதப்பட்டு வந்தது. ஜெர்மானிய–ஆஸ்திரிய மலைச்சங்கம் பொருள்வளமும் அனுபவமும் மிக்க ஸ்தாபனம். திரிக்லாவின் சரிவில் 1887-ஆம் ஆண்டு அது ஒரு நல்ல மனையைக் கட்டிற்று. அதில் குறை சொல்வதற்கு ஏதுமில்லை. ஆயினும் அதற்குச் செல்லும் வழியெங்கும் நட்ட பலகைகள், அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கிறவனுக்குப் புரியாத மொழியிலேயே பேசின.

இக்குறையைக் களைய முற்பட்டவர்கள் யார் என்று கேட்டால் வாசகர்கள் நகைக்கவும் கூடும். லூப்லியானா நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை தோறும் காலார மலைக்குப் போய் வருவதையே வழக்கமாகக் கொண்ட நண்பர் குழு ஒன்று இருந்தது. 'பிப்பார்கள்', அதாவது புகைக்குழாய்க்காரர்கள், என்று அவர்கள் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். குழாயும் புகையிலையும் தீக்குச்சியும் இல்லாமல் எவரும் பயணத்துக்கு வரலாகாது என்பது அவர்களுடைய விதிகளுள் ஒன்று. மறந்து வந்தவன் அபராதம் கட்டவேண்டும். புகைபிடித்தலைப் போற்றுகிறவன் அல்லன் நான். எனினும், அபராதம் வசூலிக்கத் தெரிந்த நண்பர் குழு எதுவும் நாளடைவில் ஒரு சங்கமாகாமல் இராது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அவ்வாறே நேர்ந்தது. 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி லூப்லியானாவில் ஸ்லோவேனிய மலைச்சங்கம் முறைப்படி தோன்றிற்று. பிரான் ஒரோஷென் என்னும் ஆசிரியர் அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டிலேயே அவர் பெயரைத் தாங்கிய முதற்குடில் எழுந்தது. அதற்கடுத்த ஆண்டில் 'பிளானின்ஸ்கி வெஸ்ட்னிக்' என்னும் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அப்பத்திரிகை இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

இனி, இத்தலைப்புக்குக் காரணமானவரிடம் வருவோம். திரிக்லாவின் வடபுறத்தில் டோவ்யே என்று ஒரு சிற்றூர். அங்கே 1889-ஆம் ஆண்டு பங்குக் குருவாக வந்து சேர்ந்தவர் யாக்கோப் அல்யாஷ். சங்கீதம் தெரிந்தவர், பாடல்களுக்கு மெட்டமைத்தவர், திரிக்லாவைத் தம் வீடென்று போற்றும் பாட்டு ஒன்று அவர் அமைத்த மெட்டிலேயே இன்றளவும் அந்நாட்டார் நாவில் நிலைத்திருக்கிறது. ஆலயத்திலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, வேறு எவருக்கும் தோன்றாத ஒரு யோசனை தோன்றியது. மலையின்மேல் அபிமானம் கொண்டவர்கள் வழக்கமாகக் கவிதை எழுதுவார்கள். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். அதிகாரிகளுக்கு விண்ணப்பமும் அனுப்புவார்கள். அல்யாஷோ நேரே ஊர்ச்சபையிடம் சென்று, சிகரத்தின் உச்சியில் பதினாறரைச் சதுர மீட்டர் நிலத்தை — நம் கணக்கில் அரை சென்டுக்கும் குறைவு — ஒரே ஒரு கோல்டினார் கிரயத்துக்குத் தம் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டார். அது நடந்தது 1895-ஆம் ஆண்டு. விளையாத நிலம், குடியிருக்க முடியாத நிலம், ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய நிலம்; விற்றவர்கள் லாபமென்றே எண்ணியிருக்கக் கூடும்.

பத்திரம் கைக்கு வந்தபின் அவர் வாளாவிருக்கவில்லை. ஓராள் உயரத்துக்குச் சற்றே மேற்பட்ட, நாலைந்து பேர் நெருக்கி நின்றால் நிறைந்துபோகிற, கூம்புக் கூரையும் அதன்மேல் தகரக் கொடியும் கொண்ட ஓர் உருளைக் கோபுரத்தைத் தாமே வரைந்து, அந்தோன் பெலெட்ஸ் என்னும் தகர வேலைக்காரரிடம் ஒப்புவித்தார். துண்டு துண்டாகச் செய்யப்பட்ட கோபுரம் ரயிலில் வந்திறங்கியது. அதன்பின் ஆறு சுமையாட்கள் அதை முதுகில் ஏற்றி மலைமேல் கொண்டு போனார்கள். ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி பெலெட்ஸும் அவருடைய வேலையாட்களும் ஐந்து மணி நேரத்தில் அதை உச்சியில் பொருத்தி நிறுத்திவிட்டார்கள். புயலில் அகப்பட்டவனுக்குப் புகலிடம் என்பது அதன் வெளிப்படையான பயன். மறைமுகமான பயன் இன்னதென்று ஜெர்மானியச் சங்கத்தாருக்கு உடனே விளங்கிவிட்டது போலும். சிகரத்தின்மேல் இருந்த நில அளவைக் குறியைப் பாழாக்கிவிட்டார் என்று குருவின்மேல் வழக்குத் தொடரப்பட்டது. கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கிறவரை நியாயஸ்தலத்தில் அசைப்பது எளிதன்று. வழக்கு அல்யாஷுக்கு அனுகூலமாகவே முடிந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகக் கருதி மறந்திருக்கலாம். சுற்றுலா நூல்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்திவிடுகின்றன. கோபுரத்தின் படத்தைப் போட்டு, குருவின் சாமர்த்தியத்தை மெச்சி, அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தகரக் கோபுரத்தைக் காட்டிலும் பெரிய காரியம், அதற்கடுத்த ஆண்டில், உச்சிக்குச் சுமார் ஒரு மணி நேர நடைத் தொலைவில் உள்ள கிரெடாரிட்சா என்னும் மேட்டில் நடந்தது. அல்யாஷே தேர்ந்தெடுத்த இடத்தில், 2515 மீட்டர் உயரத்தில், 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்லோவேனியச் சங்கத்தின் மனை திறக்கப்பட்டது. கோபுரத்தை ஐந்து மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்த மனையை நிறுத்தி வைக்கும் வேலையோ அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை.

ஓயாமைக்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புப் பாறை தண்ணீரைத் தாங்குவதில்லை. மேலே கொட்டுகிற மழை முழுவதும் பிளவுகளில் இறங்கிப் பாறைக்குள் மறைந்து, அடிவாரத்தில் அருவியாகவும் ஊற்றாகவும் வெளிப்படுகிறது. ஆதலால் பள்ளத்தாக்கில் ஆறு புரண்டோடும். மேலே இருக்கிற மனையில் கை கழுவத் தண்ணீர் இராது. உயரத்தில் உள்ள பல மனைகளில் கூரையின்மேல் விழும் மழையும் பனி உருகி வடியும் நீருமே ஆதாரம். ஒவ்வொரு தகரத் தாழ்வாரமும் ஒவ்வொரு தொட்டியும் பழுதில்லாமல் இருந்தாலன்றி அந்த ஆதாரமும் இல்லை. காற்று கூரைத் தகட்டைப் பெயர்க்கிறது. பனியின் பாரம் உத்தரத்தை வளைக்கிறது. கல்லிடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து பகலில் உருகிச் சுவரைப் பிளக்கிறது. கீழே ஒரு வீட்டில் பத்து ஆண்டுகளில் நேர்கிற சேதம் மேலே ஒரு குளிர்காலத்தில் நேர்ந்துவிடும்.

சேதத்தைச் சீர்செய்கிறவர்கள் யார்? கூலியாட்கள் சிலர் இருப்பதுண்டு. பெரும்பாகம் சங்கத்து அங்கத்தினர்களே. கோடை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமையைக் குறித்து அறிவிப்பு வரும். வங்கியில் வேலை பார்க்கிறவர், பள்ளி ஆசிரியை, தச்சர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் என்று பலதரப்பட்டவர்களும் ஆளுக்கொரு சுமையோடு ஏறிப்போய், ஜன்னல் கதவுகளைத் திறந்து, குளிர்காலத்து எலிகளின் திருவிளையாடல்களைக் கூட்டிப் பெருக்கி, மெத்தைகளை வெயிலில் போட்டு, தொட்டியைக் கழுவி, விறகைப் பிளந்து அடுக்கிவிட்டு வருவார்கள். முற்காலத்தில் அரிசி பருப்பு என்று நாம் சொல்கிறாற்போல் அவர்களுடைய மாவும் வாற்கோதுமையும் சுமையாட்களின் முதுகிலும் கழுதை குதிரைகளின் முதுகிலும் ஏறின; பின்னர்ப் பல மனைகளுக்குச் சரக்குக் கம்பிவடம் வந்தது; அதுவும் எட்டாத இடங்களுக்கு இப்போது ஹெலிகாப்டர் போகிறது. சரக்கு எப்படி ஏறினாலும், அதை இறக்கி அடுக்கக் கைகள் வேண்டும். மனைக்காவலர் ஒருவரும் அவருக்கு உதவியாக இரண்டொருவரும் கோடை முழுவதும் மேலே தங்கி, வருகிறவர்களுக்கு வாற்கோதுமைக் கஞ்சியும், புளித்த கோசும் அவரையும் இட்டுக் காய்ச்சிய யோத்தாவும், மூலிகைத் தேநீரும் கொடுக்கிறார்கள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இந்த ஒரு சம்பிரதாயத்தில் நம்மவர்க்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

மனைக்கு அடுத்தபடி வழி. மலை ஏறுகிறவனுக்கு மூடுபனியில் உயிரைக் காக்கிற பொருள் எதுவென்று கேட்டால், கயிறென்றும் கோடரியென்றும் நாம் நினைப்போம். அந்நாட்டாரைக் கேட்டால், பாறையில் பூசிய உள்ளங்கையளவு வண்ணம் என்பார்கள். ஆதியில் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் தனக்குத் தோன்றியபடி கோடும் அம்பும் வரைந்து வந்தது. அலாய்ஸ் க்னாஃபெல்ஸ் என்பவர், நிலப்படம் வரைவதில் தேர்ந்தவர், 1922-ஆம் ஆண்டு இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தார்: நடுவே வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். வெயிலில் வெண்பாறையின்மேல் சிவப்பு துலங்கும். இருண்ட காட்டில் மரத்தின்மேல் வெள்ளை துலங்கும். இதைவிட எளிய குறியை ஒரு குழந்தையும் வரையும். இதைவிடப் பயனுள்ளதை ஒரு மேதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். அண்டை நாடான குரோவேஷியாவும் இதையே மேற்கொண்டது. 2007-ஆம் ஆண்டு ஸ்லோவேனியா மலைவழிகளுக்கென்றே ஒரு தனிச்சட்டம் இயற்றியபோது, க்னாஃபெல்ஸின் பொட்டு அச்சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது.

இந்தப் பொட்டை இடுகிறவர்களுக்கு அந்நாட்டில் தனிப்பெயரும் தனிப்பயிற்சியும் உண்டு. ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள வழிகளை இவர்கள் சம்பளமின்றிப் பராமரித்து வருகிறார்கள். ஒரு கையில் வண்ண டப்பாவும் மறுகையில் கம்பித் தூரிகையுமாக நடந்து, பழைய பொட்டின்மேல் படர்ந்த பாசியைத் தேய்த்து, பாறை உலரும்வரை காத்திருந்து, வெள்ளையை இட்டு, அதன் பின்னரே சிவப்பை இடவேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்து ஒழுகும். ஏறுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும் ஒருங்கே தெரியுமாறு இடுவதுதான் இதில் கலை. எங்கெங்கே ஐயம் பிறக்குமோ அங்கங்கே இடவேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத வழியில் இட்டுக்கொண்டே போவது பாறையை அசுத்தப்படுத்துவதாகும். செங்குத்தான இடங்களில் இரும்பு முளைகளை அறைந்து, எஃகு வடத்தை இழுத்துக் கட்டுவதும், இடியும் பனிச்சரிவும் அதைப் பிடுங்கி எறிந்தால் மறுபடியும் போய்க் கட்டுவதும் இவர்கள் பொறுப்பே. இவர்களுடைய பெயர் எந்தப் பொட்டின் அடியிலும் எழுதப்படுவதில்லை.

இப்படிப்பட்ட வழிகளையெல்லாம் ஒரே சரட்டில் கோத்தால் என்ன என்று நினைத்தவர் மாரிபோர் நகரத்து ஆசிரியர் இவான் ஷூம்ல்யாக். அவருடைய யோசனைப்படி, மாரிபோரில் தொடங்கி, போஹோர்யேக் காடுகளையும் காம்னிக் ஆல்ப்ஸையும் கராவாங்கன் தொடரையும் கடந்து, திரிக்லாவைத் தொட்டு, தென்மேற்கே இறங்கி அங்காரானில் கடலோரத்தில் முடியும் நெடுவழி 1953-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பயணி ஒரு சிறு புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். மனைதோறும் சிகரந்தோறும் உள்ள முத்திரையை அதில் பதித்துக்கொள்ள வேண்டும். எல்லா முத்திரைகளும் நிரம்பினால் சங்கம் ஒரு சின்னத்தை வழங்கும். ஒரே மூச்சில் நடந்து முடிப்பவர்கள் சிலரே. ஏனையோர் ஆண்டுக்குச் சில நாட்களாக, பத்து ஆண்டு இருபது ஆண்டு எடுத்துக்கொண்டு முடிக்கிறார்கள். முத்திரை சேர்ப்பதில் சிறுபிள்ளைத்தனம் இருக்கிறதென்று பரிகசிக்கிறவர்களும் உண்டு. ஆனால் திரிக்லாவை மட்டும் ஏறிவிட்டு வீடு திரும்பியிருக்கக்கூடிய மனிதனை, பெயர் தெரியாத குன்றுகளுக்கும், வருவார் குறைந்த மனைகளுக்கும் அந்தப் புத்தகம் இழுத்துச் செல்கிறது. அங்கே அவன் குடிக்கிற ஒரு கோப்பைத் தேநீரின் விலை அம்மனையின் கூரைக்குப் போய்ச் சேருகிறது.

சங்கத்தின் கூட்டு நடைகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. நாட்டில் இன்று முந்நூற்றுக்குச் சற்றே குறைவான உள்ளூர்ச் சங்கங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், அவர்களும் சம்பளமில்லாத தொண்டர்களே, குழுவை அழைத்துப் போகிறார்கள். முன்னே ஒருவர், பின்னே ஒருவர். மெதுவாக நடக்கிறவரின் வேகமே குழுவின் வேகம். மற்றொரு வழக்கமும் என்னைக் கவர்ந்தது. நம் மொழியைப் போலவே அவர்கள் மொழியிலும் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இருவகை உண்டு. கீழே அலுவலகத்தில் மேலதிகாரியை 'நீங்கள்' என்று விளிக்கிறவர், மலைமேல் அவரையே 'நீ' என்று விளிக்கலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை. இறங்கி வந்தபின் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் 'நீங்கள்' ஆகிவிடுவதில் ஏதேனும் சங்கடம் நேருமோ என்று யோசித்துப் பார்த்தேன், நேராமல் இராது. திரிக்லாவின் உச்சியை முதன்முறை தொட்டவரைக் குனியச் சொல்லிக் கயிற்றால் விளையாட்டாக அடித்து, 'ஞானஸ்நானம்' செய்விக்கிற வழக்கமும் உண்டு. அதில் அதிகாரிக்கும் விலக்கில்லை.

பிள்ளைகளைச் சங்கம் மிக இளமையிலேயே பிடித்துக்கொள்கிறது. பள்ளி செல்லாத சிறார்க்கென்று ஒரு திட்டம். அதற்குச் 'சிட்சிபான்' என்று பெயர். ஒட்டோன் ஷுபான்சிச் என்னும் கவி 1915-இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் நூலில் வரும் சிறுவன் இந்தச் சிட்சிபான். நாலு வயதுப் பிள்ளைக்கு உயரமான சிகரத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. ஊருக்குப் பின்னாலுள்ள குன்று, ஓர் ஓடை, ஒரு மனை, அங்கே ஒரு முத்திரை, அவ்வளவே. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்த திட்டம். நாட்குறிப்பில் தாங்கள் போன இடத்தையும் கண்ட பூவையும் அவர்களே எழுதவேண்டும். கோடையில் கூடார முகாம் நடக்கும். நிலப்படம் பார்க்கவும், முடிச்சுப் போடவும், மேகத்தைக் கண்டு இடியை முன்னறியவும், பறிக்காமல் பூவைப் பார்க்கவும் அங்கே கற்கிறார்கள். முகாமின் வேலைகளுள் அடுப்படி வேலையும் சேர்ந்தது. பானை கழுவாத பிள்ளையைச் சிகரத்துக்கு அழைத்துப் போவதில் பெரியவர்களுக்கு அவ்வளவு உற்சாகம் இராது என்பது எந்த நாட்டுக்கும் பொது.

இடையே வந்த இரண்டு யுத்தங்களைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. முதல் யுத்தத்துக்குப் பின் ஜெர்மானியச் சங்கத்தின் மனைகள் ஸ்லோவேனியச் சங்கத்தின் கைக்கு வந்தன. ஆனால் இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையே வகுத்த எல்லைக்கோடோ திரிக்லாவின் உச்சி வழியாகவே போயிற்று. இரண்டாம் யுத்தத்தில் பல மனைகள் எரிந்து போயின; அதன் பிறகு அவற்றை அங்கத்தினர்களே திரும்பக் கட்டினார்கள். சாம்பல் நிறத்துக் கோபுரத்துக்குப் புதிய ஆட்சியில் சிவப்பு வண்ணம் பூசி, கொடிக்குப் பதிலாக நட்சத்திரம் வைத்தார்கள். 1991-இல் நாடு சுதந்திரம் பெற்றபின் மீண்டும் சாம்பல் நிறம் வந்தது. கொடிச்சின்னத்திலும், பின்னர் 50 சென்ட் நாணயத்திலும் அம்மலையே இடம்பெற்றது. ஒரு நாணயத்துக்கு விலைபோன சிகரம் ஒரு நாணயத்தின்மேலேயே ஏறிக்கொண்டது.

மலையும் மாறாமல் இல்லை. 1946-ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது கிரெடாரிட்சாவின் அருகே பதினான்கு ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த திரிக்லாவின் பனியாறு, இன்று ஒரு ஹெக்டேர்கூட இல்லை. மனையில் தங்கும் முதியவர்கள், தாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அது எதுவரை பரவியிருந்தது என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமைகளில் உச்சியிலே நிற்க இடமில்லாதபடி ஜனத்திரள் சேருகிறது. அதற்குச் சங்கத்தின் வெற்றியே காரணம் என்று நான் சொன்னால் சங்கத்தார் என்னை மன்னிக்கவேண்டும்.

1927-ஆம் ஆண்டு டோவ்யேயிலேயே அல்யாஷ் காலமானார். அவருடைய கோபுரம் 2018-ஆம் ஆண்டில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காற்றாலும் மின்னலாலும் நலிந்துபோயிருந்ததைக் கண்டு, அதை ஹெலிகாப்டரில் கீழே இறக்கிக்கொண்டு வந்து, பழுது பார்த்து, அவ்வாண்டிலேயே மீண்டும் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள். கிரெடாரிட்சா மனையைக் கீழே இறக்கிப் பழுது பார்க்க வழியில்லை. அதற்கு ஆட்கள்தாம் மேலே போகவேண்டியிருக்கிறது.

1912-ஆம் ஆண்டு கிரான்ஸ்கா கோராவில் இதே சங்கத்தார் தொடங்கிய மலைமீட்புப் பணியைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.